சரியான இரண்டு விடைகள்: எஸ்.இ.ஓ. சான்றிதழ் பற்றி

எஸ்.இ.ஓ. என்பது கூகிள் போன்ற தேடுபொறிகளின் முடிவுகளில் ஒரு தளத்தை மேலே வரவைக்கும் வேலை. அந்தத் துறையில் இருக்கும் எனக்கு, தோழியின் தங்கை ஒருத்தி சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "அக்கா, எஸ்.இ.ஓ. சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேரலாம் என்று பார்க்கிறேன். ஆறு மாதப் படிப்பு, கட்டணம் கொஞ்சம் அதிகம்தான். சேர்ந்தால் பயன் இருக்குமா?" வேலைக்கு நடுவே வந்த கேள்வி என்பதால் அதிகம் யோசிக்காமல், "தேவையில்லை, இந்தத் துறையில் சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை, சொந்தமாக ஒரு தளம் தொடங்கி அதில் கற்றுக்கொள்" என்று எழுதிவிட்டு என் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து இன்னொரு வரி வந்தது: "உங்கள் சுயவிவரப் பக்கத்தில் மூன்று சான்றிதழ்கள் இருக்கின்றனவே, அக்கா?"

என்னை மடக்க வேண்டும் என்று அவள் அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். அதனால்தான் அந்த வரி என்னை விடவில்லை. எனக்கு முதல் வேலைக்கான நேர்காணல் அழைப்பு வந்ததே அந்த மூன்றில் ஒன்றால்தான். அனுபவம் என்று காட்ட ஒன்றும் இல்லாத காலத்தில் என் விண்ணப்பத்தில் எஸ்.இ.ஓ. என்ற சொல் இடம்பெற்ற ஒரே இடம் அது. அப்படியிருக்க, ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது போல, அவளிடம் மட்டும் "தேவையில்லை" என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? மறுபக்கம், இத்தனை ஆண்டு வேலையில் அந்தச் சான்றிதழ்களில் படித்தது எத்தனை முறை கைகொடுத்தது என்று கணக்குப் பார்த்தால், நான் அவளுக்கு எழுதியது முழுப் பொய்யும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே பல நாட்கள் தடுமாறினேன். அவளுக்கு முறையான பதில் ஒன்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான், நான் எழுதிய தேர்விலிருந்தே தொடங்க வேண்டும் என்று தோன்றியது.

விடைத்தாள் யாரிடம் இருக்கிறது?

நான் அந்தத் தேர்வை எழுதியது 2018-இல். இணையத்தில் நடந்த, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. அதில் ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நீண்ட பட்டியல் பல பக்கங்களாகப் பிரிந்திருந்தால், அவையெல்லாம் ஒரே தொடரைச் சேர்ந்தவை என்று கூகிளுக்கு எப்படித் தெரிவிப்பது? பக்கத்தின் தலைப்பகுதியில் ரெல் நெக்ஸ்ட், ரெல் ப்ரீவ் என்ற இரண்டு குறிப்புகளை இட வேண்டும் என்பது விடை. சரியாகக் குறித்தேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. 2019 மார்ச் மாதத்தில் கூகிள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: அந்தக் குறிப்புகளைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை, இன்று நேற்றல்ல, சில ஆண்டுகளாகவே பயன்படுத்துவதில்லை. அதாவது நான் தேர்வு எழுதிய நாளிலேயே, கூகிளைப் பொறுத்தவரை அந்த விடை செத்துப்போயிருந்தது. எனக்குப் பாடம் நடத்தியவரைக் குறை சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் கூகிளின் சொந்த உதவிப் பக்கங்களிலேயே அந்த அறிவுரை அதுவரை இருந்தது. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் அந்த இரண்டு வரிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் சேர்த்தேன்.

மற்ற தொழில்களின் தேர்வுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் வேறுபாடு புரிகிறது. சட்டம் படிக்கிறவருக்குச் சட்டப் புத்தகம் இருக்கிறது. கணக்கியல் படிக்கிறவருக்கு அச்சிட்ட விதிமுறைகள் இருக்கின்றன. தேர்வு வைப்பவரும் எழுதுபவரும் ஒரே நூலைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ள முடியும், விதி மாறினால் மாறிய தேதியும் எழுத்தில் இருக்கும். எஸ்.இ.ஓ. தேர்வில் விதியை எழுதியவர் ஒருவர், பாடம் நடத்துபவர் வேறொருவர், விதி முழுவதையும் எழுதியவர் வெளியே சொல்வதும் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் கூகிள் மீதான ஏகபோக வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அந்நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரான பாண்டு நாயக், தேடுபவர்கள் எந்த முடிவைச் சொடுக்குகிறார்கள் என்ற தரவைப் பயன்படுத்தும் நேவ்பூஸ்ட் என்ற அமைப்பைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். தேடல் வரிசையில் சொடுக்குகளுக்குப் பங்கு உண்டா என்பது துறைக்குள் பல ஆண்டுகளாக ஓய்வில்லாமல் நடந்துவந்த வாதம். நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொன்ன பிறகுதான் அதில் ஒரு பகுதிக்காவது தெளிவு கிடைத்தது என்றால், அதற்கு முந்திய ஆண்டுகளில் அதைப் பற்றிக் கேட்கப்பட்ட தேர்வுக் கேள்விகளுக்கு எதை வைத்து மதிப்பெண் போட்டிருப்பார்கள்?

கூகிள் விளம்பரத்துக்கும், தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸுக்கும் சான்றிதழ் தருகிறது. ஆனால் இயல்பான தேடல் முடிவுகளில் ஒரு தளத்தை உயர்த்துவதற்கென்று தனிச் சான்றிதழ் எதையும் அது தருவதில்லை. நான் புரிந்துகொண்ட வரையில் காரணம் எளியது. விளம்பரம் அவர்கள் விற்கும் சரக்கு, அதை வாங்கப் பயன்படும் கருவியை இயக்கக் கற்றுத்தருவது விற்பனையாளரின் வேலை. இயல்பான முடிவுகளில் இடத்தை அவர்கள் விற்பதில்லை, எனவே அந்த இடத்துக்கு வழி தெரிந்தவர் இவர் என்று யாருக்கும் முத்திரை குத்தவும் அவர்களால் முடியாது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று அவர்களே தங்கள் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள். ஹப்ஸ்பாட், செம்ரஷ் போன்றவை தங்கள் பயிற்சித் தளங்களில் இலவசமாகவே பாடம் நடத்திச் சான்றிதழும் தருகின்றன. பாடங்கள் மோசமில்லை. ஆனால் அவை மென்பொருள் விற்கும் நிறுவனங்கள், பாடத்தில் பயிற்சிக்கு வரும் கருவி அவர்களுடைய கருவியாக இருப்பது இயற்கை. இதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நேரும் ஒரு குழப்பத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: ஒரு கருவி தன் கணிப்பாகத் தரும் எண்ணைக் கூகிளின் எண் என்று நம்பிவிடுகிறார்கள். டொமைன் அத்தாரிட்டி என்பது, ஒரு தளம் தேடலில் எவ்வளவு முன்னே வரும் என்று கணிக்க மாஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய அளவீடு. கூகிள் அதைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை என்று மாஸ் நிறுவனமே சொல்கிறது. இருந்தும் "எங்கள் அத்தாரிட்டி ஐந்து புள்ளி உயர்ந்துவிட்டது" என்று மாத அறிக்கையில் எழுதி மகிழ்கிறவர்கள் உண்டு. அந்த மகிழ்ச்சிக்காக ஒரு வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கதவுக்கு உள்ளே ஒட்டிய அறிவிப்பு

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சான்றிதழ் வாங்கி ஓராண்டுகூட ஆகாத சமயம். நான் வேலை பார்த்த நிறுவனத்தின் விற்பனைத் தளத்தில் நிறம், அளவு, விலை என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. ஒவ்வொரு வடிகட்டலுக்கும் தனி முகவரி உருவாகும். நீலம் ஒரு முகவரி, நீலமும் பெரிய அளவும் சேர்ந்தால் இன்னொன்று, வரிசையை மாற்றித் தேர்ந்தெடுத்தால் மூன்றாவது. இப்படிப் பல்லாயிரம் பக்கங்கள் பெருகி, கூகிளின் இண்டெக்ஸுக்குள், அதாவது தேடலில் காட்டுவதற்காக அது சேர்த்துவைக்கும் பக்கங்களின் தொகுப்புக்குள், போய்விட்டிருந்தன. அவற்றை வெளியே எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு விடை தெரியும். ஒரு பக்கத்தை இண்டெக்ஸிலிருந்து நீக்க நோஇண்டெக்ஸ் என்ற மெட்டா குறிப்பு. எல்லா வடிகட்டிப் பக்கங்களிலும் அதைச் சேர்க்கச் செய்தேன். நான்கு நாட்கள் பார்த்தேன், எண்ணிக்கை அசையவில்லை. ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டாக இருக்கட்டும் என்று, தேடுபொறிகள் தளத்தில் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ராபாட்ஸ் கோப்பில் அந்த முகவரிகள் அனைத்தையும் தடுக்கும் ஒரு வரியையும் எழுதினேன். கூகிள்பாட், அதாவது பக்கங்களைப் படித்துப்போகும் கூகிளின் தானியங்கி நிரல், உள்ளே வராமல் தடுக்க ராபாட்ஸ் கோப்பு என்பதும் எனக்குத் தெரிந்த விடைதான்.

ஆறு வாரங்கள் கடந்தன. அந்தப் பக்கங்கள் அப்படியே தேடல் முடிவுகளில் நின்றன. மாற்றம் என்று பார்த்தால், முன்பு விளக்க வரி இருந்த இடத்தில் இப்போது இந்தப் பக்கத்தைப் பற்றிய தகவல் கிடைக்கவில்லை என்ற வாசகம் வந்திருந்தது, அவ்வளவுதான். முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. என் குறிப்பேட்டையும் பாடக் காணொளிகளையும் மறுபடி மறுபடி பார்த்தேன். நான் செய்த இரண்டும் சரி என்றே அவை சொல்லின. கடைசியில் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் மூத்த ஊழியர் ஒருவரிடம் போய் நின்றேன். எஸ்.இ.ஓ. படித்தவர் இல்லை, எந்தச் சான்றிதழும் இல்லாதவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்தார். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், கேட்கப்பட்ட பக்கத்தின் முகவரி, பக்கம் சரியாகத் தரப்பட்டது என்பதைக் காட்டும் 200 என்ற எண், வரியின் கடைசியில் வந்தவரின் அடையாளம். கூகிள்பாட் என்ற பெயரை மட்டும் வடிகட்டி, அதற்குள் அந்த வடிகட்டிப் பக்கங்களை மட்டும் வடிகட்டினார். ஒரு குறிப்பிட்ட தேதி வரை வரிகள் அடர்த்தியாக இருந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. "இந்தத் தேதியில் என்னம்மா செய்தீர்கள்?" என்று கேட்டார். ராபாட்ஸ் கோப்பில் வரியைச் சேர்த்த நாள் அது. "கதவைச் சாத்திவிட்டீர்கள், சரி. போய்விடு என்ற அறிவிப்பைக் கதவுக்கு உள்பக்கம் அல்லவா ஒட்டியிருக்கிறீர்கள், வெளியே நிற்கிறவன் அதை எப்படிப் படிப்பான்?"

அந்த நிமிடம் எனக்கு முகம் சுட்டது. நோஇண்டெக்ஸ் என்ற குறிப்பு பக்கத்துக்குள் இருக்கிறது. பக்கத்துக்குள் வந்து படித்தால்தான் அந்த நிரலுக்கு அது தெரியும். வரக்கூடாது என்று ராபாட்ஸ் கோப்பில் தடுத்துவிட்ட பிறகு, பக்கத்தை நீக்கச் சொல்லும் குறிப்பை அது பார்க்க வழியே இல்லை, பழைய நினைவில் இருப்பதை வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். அந்த நான்கு நாட்களுக்குப் பிறகும் நான் பொறுமையாக இருந்திருந்தாலே எல்லாம் தானாக நடந்திருக்கும். ராபாட்ஸ் வரியை எடுத்தோம். அடுத்த நாளே பதிவுக் கோப்பில் கூகிள்பாட் மறுபடியும் வரத் தொடங்கியது. ஒரு தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று அதன் உரிமையாளருக்குக் கூகிள் காட்டும் சர்ச் கன்சோலில் எண்ணிக்கை முதலில் நூறு நூறாக, பிறகு ஆயிரக்கணக்கில் குறைந்தது.

இந்த இரண்டு கேள்விகளும் நான் எழுதிய தேர்வில் இருந்தன. தனித்தனியாக, வேறு வேறு பகுதிகளில். இரண்டுக்கும் சரியாக விடை எழுதியிருந்தேன். சரியான விடைகள் இரண்டைச் சேர்த்து வைத்தபோது தவறான வேலை ஒன்று கிடைத்தது. இது ஒன்றும் ரகசியமான விஷயம் இல்லை, கூகிளின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் தேர்வு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறது, தளமோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து முன்னால் கொட்டுகிறது. எனக்கும் அந்த மூத்தவருக்கும் இருந்த வேறுபாட்டைப் பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு விதி தெரிந்திருந்தது. அவரோ, கூகிள்பாட் உண்மையில் என்ன செய்தது என்று பார்க்கும் இடத்தைத் தெரிந்துவைத்திருந்தார். எந்தச் சான்றிதழ்ப் படிப்பும் அதுவரை என்னிடம் ஒரு பதிவுக் கோப்பைத் திறந்து காட்டியிருக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம்

இத்தோடு நிறுத்தியிருந்தால், தங்கைக்கு நான் முதலில் எழுதிய பதிலே போதும் என்றாகியிருக்கும். ஆனால் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அப்போது என் உறுதி கொஞ்சம் ஆட்டம் கண்டது. நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் ஒரு சிறிய தளத்தின் மூலநிரலைத் தந்து, இது ஏன் தேடலில் வரவில்லை என்று கேட்பது என் வழக்கம். எல்லாப் பக்கங்களின் கேனானிகல் குறிப்பும் முகப்புப் பக்கத்தையே காட்டும்படி அதில் ஒரு கோளாறு வைத்திருப்பேன். எல்லாப் பக்கங்களும் "நான் நகல், மூலம் அங்கே இருக்கிறது" என்று தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும் நிலை. ஒருவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தார். எந்தப் படிப்பும் படிக்காமல், ஆறேழு ஆண்டுகளாகச் சொந்தத் தளம் நடத்தியவர். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்த கேள்வியாக, ஒரே தளம் மூன்று மொழிகளில் இருந்தால் எந்த நாட்டவருக்கு எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். எச்ரெஃப்லாங் என்ற சொல்லையே அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. தளத்தைப் புது முகவரிக்கு மாற்றும்போது நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301, தற்காலிகமாகத் திருப்பிவிடும் 302 இரண்டில் எதைப் பயன்படுத்துவது, ஏன் என்பதும் தெரியவில்லை. அவருடைய தளம் ஒரே மொழியில் இருந்தது, ஒருபோதும் இடம் மாறவில்லை. தன் தளம் தனக்குத் தந்த தலைவலிகளை மட்டுமே அவர் கற்றிருந்தார்.

சொந்தத் தளத்தில் கற்றுக்கொள் என்று நான் எழுதிய அறிவுரையில் இருந்த ஓட்டை அதுதான். அனுபவம் ஆழமாகக் கற்றுத்தரும், ஆனால் எந்த வரிசையில், எவ்வளவு பரப்பில் என்பதற்கு அது பொறுப்பேற்காது. கிரால் (கூகிள்பாட் வந்து பக்கத்தைப் படிப்பது), இண்டெக்ஸ், தரவரிசை என்று ஒன்றன்பின் ஒன்றாக யாரோ ஒருவர் அடுக்கித்தரும் பாடத்திட்டத்தில், நம்மை இதுவரை சுடாத நெருப்புகளின் பெயர்களும் இருக்கின்றன. நாளைக்கு ஒரு தளம் மூன்று மொழிகளில் வந்து நிற்கும்போது, முழு விடை தெரியாவிட்டாலும் எதைத் தேட வேண்டும் என்றாவது தெரியும். எனக்குச் சான்றிதழ் தந்த உண்மையான பயன் இதுதான் என்று இன்று நினைக்கிறேன். அந்தப் பயன் பாடத்தில் இருக்கிறது, கடைசியில் வரும் தாளில் இல்லை.

தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேலைச் சந்தையைப் பற்றி எழுதிய கருத்து எனக்கு உதவியது. அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆய்வும் காரணம். ஒரு பட்டம் அடையாளமாக வேலை செய்ய வேண்டுமானால், அதைப் பெறுவது திறமையுள்ளவருக்கு எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே அளவு முயற்சியில் கிடைத்துவிட்டால் பார்ப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. தோற்றால் மீண்டும் எழுதலாம், விடைகளைத் தொகுத்து வைத்த பக்கங்களைத் தேடியே எடுக்கலாம் என்ற நிலையில் உள்ள தேர்வின் சான்றிதழ், எழுதியவர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினார் என்பதைத்தான் எனக்குச் சொல்கிறது. கட்டணம் கூடினாலும் இது மாறாது. அதிகக் கட்டணம் திறமையைப் பிரித்துக் காட்டுவதில்லை, பணம் உள்ளவரைப் பிரித்துக் காட்டுகிறது. இருந்தும் ஒரு நூறு விண்ணப்பங்களில் பத்தை எடுக்க வேண்டிய, எஸ்.இ.ஓ. தெரியாத ஓர் அலுவலருக்கு அந்தத் தாள் ஒரு பிடிமானம். என் முதல் அழைப்பு அப்படித்தான் வந்தது. இரண்டாவது வேலைக்குப் போனபோது சான்றிதழைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்று, தாளுக்கு வயதாகிறது. கூகிளின் விளம்பரச் சான்றிதழ்களுக்கே ஓராண்டுதான் ஆயுள். 2022-இல் படித்தவர் பக்க வேகத்துக்கான அளவீடுகளில் ஒன்றாக எஃப்.ஐ.டி. என்று படித்திருப்பார், 2024 மார்ச்சில் அந்த இடத்துக்கு ஐ.என்.பி. வந்துவிட்டது. கேள்வி-பதில் குறியீடு சேர்த்தால் தேடல் முடிவில் கேள்விகள் விரிந்து அழகாகத் தெரியும் என்று படித்திருப்பார், 2023 ஆகஸ்டில் கூகிள் அதைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்கள் அளவுக்குச் சுருக்கிவிட்டது. என் சுயவிவரத்தில் இருந்த மூன்றில் இரண்டு காலாவதியானவை என்பதையே, தங்கை கேட்ட பிறகு போய்ப் பார்த்துத்தான் கவனித்தேன். அந்த இரண்டையும் எடுத்துவிட்டேன். மூன்றாவதை வைத்திருக்கிறேன், பக்கத்தில் 2018 என்று ஆண்டையும் சேர்த்து.

அவளுக்கு இரண்டாவது முறை எழுதிய பதில் நீளமானது. கட்டணப் படிப்பில் இப்போது சேர வேண்டாம், இலவசப் படிப்பு ஒன்றை முழுவதும் முடி, சான்றிதழையும் வாங்கி விண்ணப்பத்தில் போடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். படிக்கும்போதே பக்கத்தில் ஒரு சிறு தளம் ஓடிக்கொண்டிருக்கட்டும், பாடத்தில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தத் தளத்தில் செய்து பார், செய்தது நடந்ததா என்று சர்ச் கன்சோலில் போய்ப் பார் என்றும், முதலிடம் வாங்கித்தர உத்தரவாதம் என்று எந்தப் படிப்பின் விளம்பரமாவது சொன்னால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடு என்றும் எழுதினேன். முதல் பதிலுக்கு மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதினாள். படிப்பு முடிந்துவிட்டது, தளத்தில் பதினான்கு பக்கங்கள் இருக்கின்றன. ஒன்பது தேடலில் வருகின்றன. மீதி ஐந்துக்கு எதிரே, கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை என்று சர்ச் கன்சோல் காட்டுகிறது. "ராபாட்ஸ் பார்த்தேன், நோஇண்டெக்ஸ் பார்த்தேன், கேனானிகல் பார்த்தேன். பாடத்தில் சொன்னதெல்லாம் சரியாக இருக்கிறது, அக்கா. ஆனால் வரவில்லை." அன்று மாலை இருவரும் திரையைப் பகிர்ந்துகொண்டு ஐந்து பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். மூன்று பக்கங்கள், அவள் ஏற்கெனவே எழுதிய வேறொரு பக்கம் சொன்னதையே வேறு தலைப்பில் சொல்லிக்கொண்டிருந்தன. அவளே அதைக் கண்டுபிடித்தாள். நான்காவதற்குத் தளத்தின் எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லை, தளத்தின் முகவரிப் பட்டியலான சைட்மேப்பில் மட்டும் இருந்தது. ஐந்தாவது நல்ல பக்கம், வேறெங்கும் இல்லாத செய்தி அதில் இருந்தது, இணைப்புகளும் இருந்தன. அது ஏன் உள்ளே போகவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை என்று அவளிடம் சொன்னேன். மற்ற நான்கையும் அவள் திருத்திய பிறகு, அடுத்த வாரம் மறுபடியும் உட்கார்ந்து பார்ப்பதாக இருக்கிறோம்.